கொடி எந்தப் பக்கம் பறக்குது?

எங்க ஊர் வாசுதேவநல்லூர். மேற்கே மலை, பக்கத்துல கடல் கிடையாது. ஆனா ஆடி மாசக் காத்தை எங்களுக்கு நல்லாத் தெரியும். மொட்டை மாடியில காயப்போட்ட வேட்டியைப் பார்த்தே அது எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லிடுவோம். கடல் கதைகளைச் சரியாப் பார்க்க இந்தப் பழக்கமே போதும்.

சி. எஸ். ஃபாரஸ்டரின் நாவல்களிலிருந்து எடுத்த தொடர் ‘ஹார்ன்ப்ளோவர்’. 1998 முதல் 2003 வரை 8 படங்களாக பிரிட்டிஷ் டிவியில் வந்தது. நெப்போலியன் காலத்துக் கடற்படையில் சேரும் ஒரு பையனின் கதை. நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்லயே அவனுக்கு வாந்தி வந்துடும்! படப்பிடிப்புக்கு ‘கிராண்ட் டர்க்’ என்ற நிஜப் பாய்மரக் கப்பலையும் கடலில் ஓட்டினார்கள். அப்படி ஓட்டும்போது காற்றை ஏமாற்ற முடியாது. அந்தக் காற்றின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் கணக்கு, நமக்குத் தெரிஞ்ச ரிலேட்டிவ் வெலாசிட்டி. பின்னாலிருந்து காற்று 20 கி.மீ. வேகத்தில் அடிக்குது, கப்பல் 12 கி.மீ. வேகத்தில் போகுதுன்னு வைங்க. கப்பல்ல நிக்கிறவனுக்கு 8 கி.மீ. காற்று முதுகில் படும். அப்போ கொடி முன்பக்கம்தான் பறக்கணும். பஸ்ஸில் கட்டிய கொடி மாதிரி பின்னால பறந்தா அந்தக் காட்சி தப்பு.

இரண்டாவது, எதிர்க்காற்று. சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றுக்கு நேர் எதிரா போக முடியாது. சுமார் 65 டிகிரி விலகித்தான் போகும். அதனால வளைஞ்சு வளைஞ்சு முன்னேறணும். cos 65 என்பது 0.42. ஆக, 10 கி.மீ. முன்னேற கிட்டத்தட்ட 24 கி.மீ. ஓடணும். அலை தள்ளுறதைச் சேர்த்தா இன்னும் அதிகம்.

மூன்றாவது, சண்டை. காற்று வரும் பக்கம் நிக்கிற கப்பல்தான் எப்போ நெருங்கணும்னு முடிவு பண்ணும். எதிரில் இருக்கிறவன் காத்திருக்கணும், இல்ல ஓடணும்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்று பாகம்; கருணாகரத் தொண்டைமான் நாயகன், கடாரம் வரை போகும் கதை. அதற்கும் முன்னாடி, சுமார் 1025-ல், ராஜேந்திர சோழனின் படை நிஜமாவே கடாரம் போனது. மெய்க்கீர்த்தியில் வென்ற ஊர்களின் பெயர் இருக்கு. கப்பல் ஓட்டினவன் பெயர் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்று திரும்பக் கூட்டிட்டு வரும். எந்த மாசம் கிளம்பணும், எவ்வளவு நாள் அங்கே காத்திருக்கணும்னு கணக்குப் போட்ட மாலுமி ஒருத்தன் இல்லாம அந்த வெற்றி இல்லை.

நாளைக்கு யாராவது ‘கடல் புறா’வை வெப் சீரிஸா எடுத்தா, கிராஃபிக்ஸ்ல ஆயிரம் கப்பல் காட்டுறது சுலபம். ஆனா காற்றை விட்டுட்டா, வாள் தூக்கின அரசன் மட்டும்தான் மிஞ்சுவான். அந்த மாலுமி மறுபடியும் காணாமப் போயிடுவான்.

அடுத்த தடவை கப்பல் காட்சி வந்தா பாஸ் பண்ணுங்க. பாய் எந்தப் பக்கம் உப்பியிருக்கு, கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க. ரெண்டும் ஒரே காற்றைச் சொன்னா, எடுத்தவங்க அந்த மாலுமியை மறக்கலைன்னு அர்த்தம்.