இன்ஷூரன்ஸ் படிவமும் பழைய வழக்கும்

பிரிட்டனில் வீட்டு இன்ஷூரன்ஸ் எடுக்க உட்கார்ந்தால், கூரை, பூட்டு, நகை எல்லாம் கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி வரும்: 'உங்களுக்கோ உடன் வசிப்பவர்களுக்கோ காலாவதியாகாத குற்றத் தண்டனை உண்டா?' பலருக்குக் கை அங்கேதான் நிற்கும்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, காலாவதியான தண்டனையை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கேட்டாலும் 'இல்லை' என்றே எழுதலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது அபராதத் தண்டனை காலாவதியாகத் தீர்ப்பு நாளிலிருந்து ஓராண்டு. சிறை ஓராண்டுக்குள் என்றால் தண்டனை முடிந்தபின் ஓராண்டு; அதற்கு மேல் நான்கு ஆண்டு வரை என்றால் நான்கு ஆண்டு. தண்டனை முடிவது சிறைக்கதவு திறந்த நாளில் அல்ல. வெளியே நிபந்தனையோடு 'லைசென்ஸில்' இருக்கும் காலமும் கழிந்த பிறகுதான். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள்.

பள்ளி வேலைக்கும் பராமரிப்பு வேலைக்கும் பின்னணிச் சோதனையில் பழையதும் வெளிவரக்கூடும். அந்தப் பயத்தில் இன்ஷூரன்ஸ்காரரிடமும் எல்லாவற்றையும் ஒப்பிப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை.

காலாவதியாகாதது இருந்தால் மறைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி உங்கள் கடமை, கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்வது. வேண்டுமென்றே பொய் சொன்னால் பாலிசியும் போகும், கிளெய்மும் போகும், கட்டிய பிரீமியமும் திரும்பாமல் போகலாம். கவனக்குறைவு என்றால் விகிதக் கணக்கு: உண்மை தெரிந்திருந்தால் 400 பவுண்ட் கேட்டிருப்பார்கள், நீங்கள் கட்டியது 200 என்றால், 10,000 பவுண்ட் நஷ்டத்துக்கு 5,000தான் கிடைக்கும்.

உங்கள் பெயர் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மாடி அறையில் இருக்கும் வயது வந்த மகன் எட்டு மாதம் முன்பு கடைத்திருட்டுக்கு அபராதம் கட்டியிருந்தால், மேலே சொன்ன கேள்விக்குப் பதில் 'ஆம்'தான். விலை ஒப்பிடும் தளங்களில் இது கேள்வியாகவே வராமல், 'யாருக்கும் தண்டனை இல்லை' என்று முன்கூட்டியே நிரப்பிய வரியாகவும் இருக்கும். அதைப் படிக்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள்.

ஒரு கம்பெனி மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். தண்டனை பெற்றவர்களுக்கும் பாலிசி ஏற்பாடு செய்யும் புரோக்கர்களின் பட்டியலை 'அன்லாக்' என்ற தொண்டு நிறுவனம் வைத்திருக்கிறது. அந்தப் புரோக்கர்களிடம் பேசுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.