மென்பொருளுக்கு முன்னால் ஒரு தாள்

கேள்வி: மாரண்டஹள்ளி சுற்றுவட்டார விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதன்மைச் செயல் அலுவலராக இருக்கிறேன். உரக்கடை நடத்துகிறோம், தக்காளி, தேங்காய் கொள்முதல் செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். கணக்கு பாதி நோட்டில், பாதி எக்செல்லில் கிடக்கிறது. மென்பொருள் வாங்கலாம் என்று மூன்று இடத்தில் விலை கேட்டோம். மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எங்கள் இயக்குநர் ஒருவரின் மகன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். "முதலில் பிசினஸ் கேப்பபிலிட்டி மாடல் போடுங்கள், அப்புறம் வாங்குங்கள்" என்கிறார். அது பெரிய கம்பெனிகளின் வேலை அல்லவா? எங்களுக்கு எதற்கு?
– ஒரு வாசகர், மாரண்டஹள்ளி

பதில்: அந்தத் தம்பி சொன்னது சரி. பெரிய வங்கிகள் இதற்கென ஆட்களை வைத்து நூற்றுக்கணக்கான கட்டங்கள் வரைகின்றன. உங்களுக்கு ஒரே தாளில் பன்னிரண்டு, பதினைந்து கட்டங்கள் போதும்.

உங்கள் நிறுவனம் எதையெல்லாம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே கேப்பபிலிட்டி, அதாவது திறன். யார் செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்பது அதில் வராது. உரக்கடைப் பொறுப்பாளர் என்பது பதவி. வண்டி வந்ததும் எடை போட்டு, சீட்டு எழுதி, பெட்டி மாற்றிக் கொடுப்பது நடைமுறை. 'விளைபொருள் கொள்முதல்' என்பது திறன். ஆள் மாறினாலும், நோட்டுப் போய் செல்போன் வந்தாலும், அந்தக் கட்டத்தின் பெயர் மாறாது. அதனால்தான் மென்பொருள் வாங்குவதற்கு அது நம்பகமான அடிப்படை.

இதற்கு நல்ல சான்று கூட்டுறவுத் துறையிலேயே இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது; ஒதுக்கீடு 2,516 கோடி ரூபாய். அதற்கு முன்பே சில மாநிலங்கள் தனித்தனியாகக் கணினி வைத்திருந்தன. ஆனால் மென்பொருளில் ஒற்றுமை இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியோடு இணைப்பும் இல்லை. பொது மென்பொருள் ஒன்றை எல்லோருக்கும் தரலாம் என்ற முடிவு எதன் மேல் நிற்கிறது? கடன் கொடுப்பது, வசூலிப்பது, உரம் இருப்பு வைப்பது, உறுப்பினர் கணக்கு காட்டுவது ஆகியவை எந்த மாநிலத்திலும் இருக்கும் வேலைகள். செய்யும் விதம்தான் வேறு. தமிழ்நாட்டில் நம் சங்கங்கள் நகைக்கடனும் தருகின்றன, ரேஷன் கடையும் நடத்துகின்றன. அதனால்தான் மாநிலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளவும், அந்தந்த மொழியில் பயன்படுத்தவும் இடம் விட்டார்கள்.

உங்கள் தாளுக்கு வருவோம். உறுப்பினர் சேர்க்கையும் பங்குத்தொகையும், இடுபொருள் விற்பனை, விளைச்சல் முன்கணிப்பு, கொள்முதல், தரம் பிரித்தல், விலை அறிதல், வாங்குவோர் தொடர்பு, வண்டி அனுப்புதல், விவசாயிக்குப் பணப் பட்டுவாடா, நடைமுறை மூலதனம், சட்டப்படியான கணக்கும் தாக்கலும் என்று தொடங்குங்கள். விட்டுப்போனதை உங்கள் ஆட்களே சொல்வார்கள்.

தக்காளிக் கொள்முதல், தேங்காய்க் கொள்முதல் என்று பொருளுக்கு ஒரு கட்டம் போடாதீர்கள். நாளைக்குப் பீன்ஸ் வந்தால் தாளே மாறிவிடும். ஆனால் அந்த ஒரே கட்டத்துக்கு மதிப்பெண் போடும்போது பொருளைப் பிரித்துப் பாருங்கள். தேங்காய் விலைக்காகக் காத்திருக்கும், தக்காளி காத்திருக்காது. தேங்காயில் சமாளித்துவிடும் நிறுவனம் தக்காளியில் தடுமாறுவது இதனால்தான்.

பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி. உறுப்பினர் வருமானத்துக்கு இது எவ்வளவு முக்கியம்? இன்று இதை எவ்வளவு நன்றாகச் செய்கிறோம்? முக்கியமாக இருந்தும் மோசமாகச் செய்வதைச் சிவப்பில் குறியுங்கள். இந்த வேலையை இயக்குநர் குழுக் கூட்டத்தோடு முடித்துவிடக் கூடாது. எடை போடுபவரையும், சரக்குக் கொண்டுவரும் விவசாயிகளையும் தனியாகக் கேளுங்கள். எல்லாக் கட்டமும் முக்கியம் என்று பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள். அப்படி ஒரு நிறுவனம் கிடையாது.

இனிதான் கவனம் தேவை. ஒரு திறன் செயல்பட ஆள், நடைமுறை, தகவல், கருவி என்று நான்கு வேண்டும். டோகாஃப் என்ற கட்டமைப்பை வெளியிடும் ஓப்பன் குரூப் அமைப்பும் இப்படித்தான் பிரிக்கிறது. சிவப்புக் கட்டத்தில் இந்த நான்கில் எது குறை என்று தேடுங்கள். விவசாயிக்குப் பணம் தாமதமாகப் போகிறதா? பெரும்பாலும் வாங்குபவர் கடன் சொல்வதும், கையில் மூலதனம் இல்லாததும்தான் காரணமாக இருக்கும். எந்தச் செயலியும் அதைத் தீர்க்காது. விளைச்சல் முன்கணிப்பு அப்படியல்ல. யார் எத்தனை ஏக்கரில் எப்போது நாற்று நட்டார், எந்த வாரம் பறிப்புக்கு வரும் என்ற தகவல் கையில் இல்லையென்றால் வாங்குபவரிடம் அளவு சொல்லி விலை பேச முடியாது. பாலக்கோடு மண்டியில் அன்றைக்குக் கிடைத்த விலைதான் விலை. விலை சரிந்தால் பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட வேண்டிவரும். என் கணிப்பில் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். கணக்குக்கும் தாக்கலுக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண மென்பொருளே போதும். உங்களுக்கென்று தனியாக எழுத வைக்காதீர்கள்.

செலவில் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் தொடங்கிய பத்தாயிரம் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு நிர்வாக உதவி மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரைதான். அதற்குப் பிறகு உங்கள் சம்பளமும், மென்பொருளின் ஆண்டுச் சந்தாவும் சொந்த வருமானத்திலிருந்துதான் வர வேண்டும்.

தாள் தயாரானதும் அந்த மூன்று பேரையும் மறுபடி கூப்பிடுங்கள். தங்கள் மென்பொருள் எந்தெந்தக் கட்டத்துக்கு உதவும் என்று அவர்களே விரல் வைத்துக் காட்டட்டும். சிவப்புக் கட்டம் ஒன்றையாவது தொடாத மென்பொருளுக்கு இந்த ஆண்டு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.