வில்லியம்ஸ்பர்க்: குடும்பத்தோடு காணவேண்டிய பழைய நகரம்



அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்னும் ஊர் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலந்தொட்டு, 1699 முதல் 1780 வரை, அது வர்ஜீனியாவின் தலைநகராக விளங்கிற்று. தலைநகர் ரிச்மண்டுக்கு மாறியபின் ஊர் களையிழந்தது. 1926-ஆம் ஆண்டில் குட்வின் என்னும் பாதிரியாரின் தூண்டுதலால், இளைய ஜான் ராக்பெல்லரின் பொருளுதவியோடு, அதனைப் பழைய கோலத்திற்கு மீட்கும் பணி தொடங்கிற்று. எஞ்சியிருந்த வீடுகள் செப்பனிடப்பெற்றன. அழிந்தவற்றுள் பல, பழைய அடித்தளங்களின்மீதே மீண்டும் எழும்பின. இன்று அங்கே கொல்லரும் தச்சரும் அச்சுத் தொழிலாளரும் பதினெட்டாம் நூற்றாண்டின் உடையணிந்து, அக்காலக் கருவிகளாலேயே தொழில் செய்து காட்டுகின்றனர். கண்டோர் வினவலாம், அவர்கள் விடை கூறுவர். பிள்ளைகளை உடனழைத்துச் செல்வோர்க்கு இதனினும் நல்ல சரித்திர வகுப்பு அரிது.

நெசவுக் கூடம் நம்மவர் விரும்பிக் காணும் இடமாகும். ஆளிநாரும் ஆட்டு உரோமமும் பருத்தியும் அங்கே நூலாகின்றன. அவுரியிலிருந்து நீலமும், மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்பும் பெறப்படுகின்றன. மிதியும் நாடாவும் நமக்குப் புதியன அல்ல. ஆயின் ஒன்று வியப்பளிக்கும்: நெசவு அறிந்தோர் இருந்தும், அக்காலத்து வர்ஜீனியா மக்கள் உடுத்த துணியிற் பெரும்பகுதி கப்பலில் வந்ததே. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகளும் லண்டன் வழியாக அமெரிக்கக் குடியேற்றங்களை அடைந்தன.

காரணம் யாது? விளைநிலத்தின் செல்வமெல்லாம் புகையிலையை நம்பி நின்றது. பெருநிலக்காரர் பலர் அதனைப் பீப்பாய்களில் அடைத்து லண்டன் வணிகர்க்கு அனுப்பினர். வணிகர் அதனை விற்று, கப்பற் கூலி, வரி, தரகு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய தொகைக்குத் துணியும் கருவியும் வாங்கி அனுப்பினார். விளைபொருளின் விலையும், வாங்கும் பொருளின் விலையும், பற்றுவரவுக் கணக்கும் கடலுக்கப்பால் இருந்தன. விலை வீழ்ந்தபோது கடன் வளர்ந்தது. ஜார்ஜ் வாஷிங்டனும் இக்கடனுக்குத் தப்பவில்லை. 1760-களில் அவர் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். 1769 மே மாதத்தில் கவர்னர் சட்டசபையைக் கலைத்தபோது, உறுப்பினர்கள் அவ்வூர் ராலே விடுதியில் கூடி, ஆங்கிலப் பொருள்கள் பலவற்றை வாங்குவதில்லை என உறுதி பூண்டனர். அவ்விடுதியும் மீண்டும் கட்டப்பெற்று அங்கே நிற்கிறது.

இனி, மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. விடுதலை பேசிய அந்நகரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர். புகையிலையை நட்டுக் கொய்தவருள் மிகப் பலர் அவர்களே; அவர்கள் பெயர் பெரும்பாலும் உடைமைக் கணக்கில்தான் வந்தது. மீட்கப்பட்ட நகரும் நெடுங்காலம் மாளிகைகளையே காட்டிற்று. 1979 முதற்கொண்டே அவர்கள் வாழ்வு அங்கே முறையாக எடுத்துரைக்கப்படுகிறது. கறுப்பினச் சிறுவர்க்கென 1760-இல் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடம் அண்மையில் அடையாளம் காணப்பெற்று, 2023-இல் பழைய நகர்ப் பகுதிக்குக் கொணரப்பட்டது.

ஆதலின், அங்குச் செல்லும் குடும்பத்தினர் மாளிகையின் அழகோடு அமையாது, ஒவ்வொரு பொருளையும் ஆக்கிய கை யாருடையது எனக் கேட்டறிதல் வேண்டும்.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்:

1. ஒரே பயிரை நம்பியதால் வர்ஜீனியா விவசாயி எவ்வாறு கடன்பட்டார்?
2. விற்பவரும் வாங்கித் தருபவரும் ஒருவரேயாயின், கணக்கைச் சரிபார்ப்பவர் யார்?
3. நம் ஊரின் பழமையைப் பிள்ளைகட்குக் காட்டும்போது, நாம் யாரைச் சொல்லாது விடுகிறோம்?