தெருமுனையில் ஒரு பெயர்

நுழையும்முன்

ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் வழிகாட்டுவதோடு நில்லாமல் மொழியின் வரலாற்றையும் காட்டுகின்றன. அயல்நாட்டுப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களான வரலாற்றை, கரிசல் வட்டாரத்தில் வழங்கும் கிறித்தவப் புனிதர்களின் பெயர்கள் வழியே இப்பாடம் விளக்குகிறது.

கரிசலில் ஊன்றிய பெயர்கள்

கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி, கரிசல் வட்டாரத்தின் தொன்மையான கத்தோலிக்க ஊர்களுள் ஒன்று. பியேர் மார்ட்டின் என்னும் இயேசு சபைத் துறவி, 1700ஆம் ஆண்டு சூன் திங்களில் இவ்வூரிலிருந்து ஐரோப்பாவுக்கு மடல் எழுதினார். பின்னாளில் வீரமாமுனிவர் எனப் போற்றப்பட்ட பெஸ்கி, தமிழகம் வந்த தொடக்கக் காலத்தில் பணியாற்றிய ஊர்களுள் இதுவும் ஒன்று.

இத்தகைய ஊர்களின் தெருமுனைகளில் குருசடி எனப்படும் சிலுவை மாடமோ, கெபி எனப்படும் குகை வடிவ மாடமோ அமைந்திருக்கும். அதில் ஒரு புனிதரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வழிபடுவோருக்கு அது திருவிடம். வழி கேட்போருக்கு அடையாளம். மொழி பயில்வோருக்கு அது ஓர் ஆவணம்.

ஒலிவழியும் பொருள்வழியும்

வடசொற்களைத் தமிழில் ஏற்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஐரோப்பியப் பெயர்களும் அந்நெறியிலேயே தமிழாயின. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், சவேரியார் ஆனார். சந்தியாகோ என்னும் பெயர் சந்தியாகப்பர் ஆயிற்று. அயற்பெயருடன் 'அப்பர்', 'ஆர்' என்பன சேர்ந்து உறவையும் மதிப்பையும் உணர்த்தின.

ஒலியை விடுத்துப் பொருளைப் பெயர்த்தமை மற்றொரு முறை. ஸ்தேவான் என்பதன் கிரேக்க மூலச்சொல் மணிமுடியைக் குறிக்கும். ஆகவே அவர் முடியப்பர் ஆனார். பவுல் என்பதன் இலத்தீன் மூலம் 'சிறிய' என்று பொருள்படும். அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்னும் பெயர் இறையருளைச் சுட்டுவதால் அருளப்பர் ஆயிற்று. அப்பெயரையே தாங்கிய போர்த்துகீசியத் துறவி ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர் என அழைக்கப்பட்டார். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அவருக்கு 1947இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

தேம்பாவணியில் இம்முறை இலக்கிய உயர்வு பெற்றது. யோசேப்பு என்பதன் எபிரேயப் பொருள் பெருக்கத்தைச் சுட்டும். எனவே வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பெயரிட்டார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். மக்கள் வழக்கிலோ சூசையப்பர் என்னும் ஒலிவழிப் பெயரே நிலைத்தது.

தெரியுமா?

பெஸ்கியின் முதற்பெயரான கான்ஸ்டன்டைன் என்பது உறுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றியது. அவர் முதலில் தைரியநாதர் என்றே தம்மை அழைத்துக்கொண்டார்.

மறையும் வழக்கு

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் ஆகிய பெயர்களை ஏற்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒரே மொழிபெயர்ப்பை வாசிக்க அது வழிவகுத்தது. அதேவேளையில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் ஆகியன திருநூலை விட்டு நீங்கின. இன்று அவை பழைய ஆலயங்களிலும் தெருமுனை மாடங்களிலும், இராயப்பன், சின்னப்பன் என்னும் மக்கட்பெயர்களிலும் எஞ்சியுள்ளன.

கரிசல் மண் மழையில் விரிந்து வெயிலில் சுருங்கும் இயல்புடையது. அதனால் அதன்மீது எழுப்பிய கட்டடங்கள் எளிதில் விரிசல் காணும். பழைய மாடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, பழைய எழுத்தும் உடைந்த கல்லோடு அகற்றப்படலாம். சின்னப்பர் இருந்த இடத்தில் 'செயின்ட் பால்' எழுதப்படலாம். அவ்வாறு நேரின், புனிதர் மாறுவதில்லை. அவரைத் தமிழர் தம்மவராக்கிக்கொண்ட சான்று அழிகிறது. மாடம் புதிதாகலாம், பழைய பெயரும் அதில் இடம்பெற வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தெருப்பெயர்களைத் தொகுத்து, அவற்றின் பெயர்க்காரணங்களை மூத்தோரிடம் கேட்டு எழுதுக.
2. சவேரியார், முடியப்பர், வளன், சந்தியாகப்பர் ஆகிய பெயர்களை ஒலிவழி, பொருள்வழி என வகைப்படுத்துக.
3. 'தெருப்பெயர்களும் வரலாற்று ஆவணங்களே' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.