வழி தருவதைச் சுமக்க வேண்டாம்

எங்கள் ஊர் மணிமுத்தாற்றுக்கு ஒரு கதை உண்டு. விருத்தாசலம் திருமுதுகுன்றம் என்று வழங்கிய நாளில் இங்கே வந்த சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்தார். இதை ஆற்றில் போட்டுவிட்டுப் போ, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றும் சொன்னார். மாற்று உரைத்துப் பார்க்க ஒரு துணுக்கை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, மீதியை ஆற்றில் விட்டுவிட்டு நடந்தார் சுந்தரர். பக்தர்களுக்கு இது அருளின் கதை. முதுகில் பையோடு மலையும் ஊரும் நடக்கும் எனக்கு இது பயணத்தின் பாடமும்கூட. வழியை நம்பி விடக்கூடியது எது, கையோடு இருந்தே தீர வேண்டியது எது என்று பிரித்தறிந்தவருக்குத்தான் நடை இனிக்கும்.

பல வருட நடையில் நான் கண்டறிந்த விதி இதுதான்: வழி தருவதைச் சுமக்காதே, வழி தராததை மறக்காதே. கீழே சொல்லும் சாமான் மாற்றங்களும் மனமாற்றங்களும் இதிலிருந்து கிளைத்தவையே.

ஊருக்கு ஏற்ற பை

முதுகுப்பைப் பயணத்துக்கென்று அச்சாகும் பட்டியல்களில் கூடாரம், அடுப்பு, தூக்கப்பை, நான்கு நாள் உணவு என்று எல்லாம் இருக்கும். நாட்கணக்கில் கடையும் மனிதரும் தென்படாத அமெரிக்க மலைத்தொடர்களுக்கு அவை தேவைதான். நம் வழிகள் வேறு. சமயபுரத்துக்கும் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். தோளில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுடை, போர்வை. நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் கோயில் மண்டபமும் இருக்கும் என்ற நம்பிக்கையில் நடக்கிறார்கள். சமவெளியில் அந்த நம்பிக்கை வீண் போவதில்லை. டீக்கடை, பம்புசெட்டு, பேருந்து நிறுத்தம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

காட்டுப் பாதை அப்படியில்லை. அங்கே தண்ணீர், வெளிச்சம், மருந்து மூன்றையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் பை கட்டும் முன் வழியை வரைந்து, எங்கே எது கிடைக்கும் என்று குறித்துக்கொள்கிறேன். பட்டியல் அதற்குப் பிறகுதான்.

சபரிமலை இருமுடியில் இந்த அறிவு தெளிவாக இருக்கிறது. முன்முடியில் சாமிக்கு, பின்முடியில் தனக்கு. தனக்கென்று எடுப்பதற்கு அளவு முன்பே முடிவாகிவிடுகிறது. நானும் இப்போது சாமான்களை இரண்டாகப் பிரிக்கிறேன். சாப்பாடும் தண்ணீரும் போகப் போகக் குறையும் எடை. மற்றவை கடைசிவரை குறையாத எடை. குறைக்கக் கவனம் செலுத்த வேண்டியது இந்த இரண்டாவதில். பையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். எல்லாம் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வார இறுதி நடைக்கு அதில் பாதியே போதும்.

எளிய சாமானோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எம்மா கேட்வுட் சாட்சி. 11 பிள்ளைகளைப் பெற்ற அந்த அமெரிக்கப் பாட்டி, 1955இல் 67 வயதில், சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த துணிமூட்டையும் கேன்வாஸ் ஷூவும்தான் அவருடைய முக்கியச் சாமான்.

இடுப்பு சுமக்கட்டும்

இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு 35 முதல் 40 லிட்டர் பை போதும். பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். லிட்டரைவிட முக்கியமானது முதுகு அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அதற்குப் பொருந்தும் பையை வாங்குங்கள். மாட்டும்போது முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின்மேல் இறுக்கி, பிறகு தோள்பட்டையை இழுங்கள். பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்க, தோளும் கழுத்தும் விடுதலையாகும். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். இரவில் மட்டும் தேவைப்படுவது அடியில், மழைச்சட்டை மேலே.

மழைக்கு வெளி உறையை மட்டும் நம்புவதில்லை. உள்ளே ஒரு கெட்டியான பாலித்தீன் உறையைப் போட்டு அதற்குள் துணிகளை வைக்கிறேன். ஒரே உறை வருடக்கணக்கில் உழைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் மலைக்கு அதைக் கொண்டுபோகும் உரிமை நமக்கு இல்லை.

கால் முதலில்

முதுகில் ஏறும் எடையைவிடக் காலில் ஏறும் எடை பல மடங்கு களைப்பைத் தரும். அதனால் கனத்த பூட்ஸை விட்டுவிட்டு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஓட்டக் காலணிக்கு மாறினேன். நடையின் இன்பத்தைக் கூட்டியதில் முதலிடம் இந்த மாற்றத்துக்குத்தான். காலணியை மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்து வீங்கிய காலுக்கு அரை அளவு பெரிதாகத் தேவைப்படும். இறக்கத்தில் விரல் நுனி இடிக்காமலும் இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். எங்காவது எரிச்சல் தட்டினால் அந்த நிமிடமே நின்று, மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் பார்க்கும் வைத்தியத்தைவிட இது மேல்.

வியர்வையில் நனைந்த பருத்தி லேசில் காயாது. உடம்போடு ஒட்டி உரசிப் புண்ணாக்கும். மலை இரவில் குளிரவும் வைக்கும். திருப்பூரில் தைக்கும், சீக்கிரம் காயும் பாலியஸ்டர் சட்டை இரண்டு போதும். ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தொடை உரசும் இடத்தில் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பருத்தியில் நான் விடாத ஒன்று மெல்லிய ஈரிழைத் துண்டு. துவட்ட, தலையில் கட்ட, நனைத்துக் கழுத்தில் போட, அவசரத்துக்கு அடிபட்ட கைக்குத் தொட்டில் கட்ட என்று எல்லாவற்றுக்கும் உதவுகிறது. லுங்கியும் அப்படியே: போர்வை, விரிப்பு, உடை மாற்ற மறைப்பு.

தண்ணீரும் உப்பும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதனால் அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரிந்துகொள்வதே எடை குறைக்கும் வழி. வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைக்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு டீக்கடையில், வரைபடத்தில் குறித்திருந்த ஊற்றைப் பற்றிக் கேட்டேன். “அது மாசியிலயே வத்திப்போச்சு தம்பி. இங்கயே ரொப்பிக்கிட்டுப் போ” என்றார் கடைக்கார அக்கா. வரைபடம் அந்தப் பருவத்தைச் சொல்லவில்லை, அக்கா சொன்னார். வழியில் பார்க்கும் மனிதர்களிடம் நின்று பேசுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கலக்குங்கள். சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிசாதம். பிறகு அவல், பொட்டுக்கடலை, பேரீச்சை, கடலைமிட்டாய். அவலை ஊறவைத்து வெல்லம் சேர்த்தால் அடுப்பே வேண்டாம்.

கை காலியாக இருக்கட்டும்

பர்வதமலையில் கடப்பாறை நெட்டு என்றொரு செங்குத்துப் பகுதி. பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். அங்கே கையில் தண்ணீர்ப் புட்டியும் போனும் டார்ச்சும் வைத்திருந்தால் ஆபத்து. அங்கே ஏறிய பிறகு, நடக்கும்போது கையில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தேன். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் விளக்கு. அடுத்த ஐந்து நிமிடத்தில் தேவைப்படாத எதுவும் பைக்குள்.

கம்பு மட்டும் விதிவிலக்கு. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கம்பை ஏறுவதற்கென்று நினைத்து வாங்குகிறார்கள். அதன் அருமை இறக்கத்தில்தான் தெரியும். முட்டிக்குப் போக வேண்டிய பாரத்தைத் தோளும் கையும் பகிர்ந்துகொள்ளும். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு 1,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, பிறகு அத்தனையும் ஏற வேண்டும். அங்கேயும் முட்டி கம்புக்கு நன்றி சொல்லும்.

சூளை கற்றுத்தந்த வேகம்

சாமானைவிட மனம் மாறினால்தான் நடை முழுதாக மாறும். எங்கள் ஊர் செராமிக் ஊர். அகல்விளக்கும் பொம்மையும் வார்க்கும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குச் சூளையின் குணம் தெரியும். ஈரம் முழுக்கப் போகாத பொம்மையைச் சட்டென்று சூடேற்றினால் வெடித்துவிடும். களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் திடீரென்று விரியும். அந்தக் கட்டத்தை மெல்லக் கடக்க வேண்டும். ஆறும்போது அதே 573இல் அது சுருங்கும். அப்போதும் மெல்லத்தான் கடக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். நடக்கும் உடம்பும் அப்படித்தான். முதல் அரைமணி, பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் தொடங்க வேண்டும். உச்சியைத் தொட்டதும் ஓடி இறங்கக் கூடாது. கோடை வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களை ஊரிலேயே காலை மாலை நடைக்குக் கொடுங்கள்.

கிலோமீட்டர் கணக்கை விட்டு நேரக் கணக்குக்கு வந்தது அடுத்த மாற்றம். சமவெளியில் விடியற்காலை ஐந்திலிருந்து பத்து வரை நடை. நடுப்பகல் புளியமர நிழலுக்கோ மண்டபத்துக்கோ உரியது. நான்குக்கு மேல் மீண்டும் நடை. மலைக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நம் வெயிலுக்கும் கல்லுக்கும் அதன்மேல் பாதி சேர்த்துக்கொள்கிறேன். கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துவிடுங்கள். அந்த நேரம் வந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். மலை அடுத்த வருடமும் இருக்கும்.

குழுவாகப் போனால் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவருடைய வேகமே எல்லோருடைய வேகம். அவரைப் பின்னால் விட்டு, அவர் மூச்சிரைத்து வந்து சேரும்போது மற்றவர்கள் எழுந்து கிளம்பினால் அவருக்கு ஓய்வே இல்லை.

அனுமதி வாங்குவதைச் சுமையாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் மனிதக் கால் தீயை முந்த முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வனத்துறை 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்திருக்கிறது. அந்த மலையிலேயே பிறந்தவர் நம்மோடு நடப்பது எந்தக் கருவியும் தராத துணை. போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் பல இடங்களில் போனுக்கு சிக்னல் இருக்காது.

எங்கே தொடங்கலாம்?

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் போகிறது. முதல் முயற்சிக்கு அந்த ரயிலும் வேண்டாம். ஸ்ரீமுஷ்ணம் வரை ஊர்ப்பாதையில் ஒரு நாள் நடந்து பார்க்கலாம். மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கும் கூடலையாற்றூர் வரையும் போகலாம். முடியாவிட்டால் பேருந்து ஏறித் திரும்பிவிடலாம் என்ற நிம்மதி பழகுபவருக்கு அவசியம். அடுத்தது சேலம் வண்டியில் சின்னசேலம், அங்கிருந்து கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலை.

வீடு திரும்பிய அன்றே பையைத் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பயன்படுத்தியவை, தொடாதவை, இருந்திருக்கலாமே என்று நினைத்தவை. மருந்து, மழைச்சட்டை, விளக்கு மூன்றும் தொடாவிட்டாலும் பையில்தான் இருக்க வேண்டும். தொடாத மற்றவை அடுத்த முறை வீட்டில் இருக்கட்டும். இருந்திருக்கலாமே என்று நினைத்ததை, அந்த வழியில் கிடைக்காது என்றால் மட்டும் சேருங்கள். சில நடைகளில் பை உங்கள் உடம்புக்கும் ஊருக்கும் பொருந்தி வந்துவிடும். பிறகு பட்டையைச் சரிசெய்யும் கவனம் போய், எந்தப் பறவை கூவியது, இந்த ஊரில் என்ன விளைகிறது, எதிரே வரும் பெரியவர் என்ன கேட்கிறார் என்று காதும் கண்ணும் வழிக்குத் திரும்பும். அதற்காகத்தானே கிளம்புகிறோம்.