வரி முகவரும் நமது கடைக் கணக்கும்

"கணக்கை முகவரிடம் கொடுத்தாயிற்று, இனி அவர் பாடு, வரி வாரியத்தார் பாடு" என்று தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இவ்வெண்ணத்தில் பாதிதான் சரி.

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 153-ஆவது பிரிவின்படி, உரிமம் பெற்றவரே வரி முகவராகத் தொழில் செய்யலாம். ஆகையால் அவரது உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று. நல்ல முகவர் அதற்காகக் கோபிக்கவும் மாட்டார். இணையத்தில் படிவம் அனுப்ப அவருக்கென்று தனி வழி உண்டு. நம்முடைய கடவுச்சொல்லைக் கேட்பவரிடம் ஜாக்கிரதை வேண்டும்.

2004 முதல் தனியாட்களுக்கும் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. வரியை நாமே கணக்கிட்டு அனுப்புகிறோம்; வாரியம் பிற்பாடு தணிக்கை செய்யும். ரசீதுகளையும் பேரேடுகளையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டம் சொல்வது இதற்காகவே. அதிகாரி கேள்வி கேட்கையில் முகவர் பதில் சொல்வது நாம் கொடுத்த காகிதங்களைக் கொண்டுதான். காகிதமில்லாத செலவுக்கு எவ்வளவு சாமர்த்தியமாக வாதாடினாலும் நிற்காது. தவறான கணக்குக்கு அபராதம் நம் பெயருக்கே வரும். குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை விதிக்க இடமுண்டு. கடைக்காரர்களின் பி படிவத்துக்குக் கெடு ஜூன் 30. முகவர் மார்ச்சில் கேட்ட ரசீதுகளை ஜூன் 28-ல் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது நம்மவர் வழக்கம்!

நம்மவர் வீணாக இழப்பது ஜகாத் விஷயத்தில். தனியாள் பெயரில் கடை நடத்துவோருக்கு ஜகாத் வியாபாரச் செலவில் சேர்வதன்று. வரியிலிருந்தே நேராகக் கழிவது. வரி 3,000 வெள்ளி, அவ்வாண்டிலேயே சிலாங்கூர் ஜகாத் வாரியத்தில் செலுத்தியது 1,200 வெள்ளி எனில், கட்ட வேண்டிய வரி 1,800 வெள்ளியே. ஆனால் ரசீது முகவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏழைகளுக்கு நாமே கையால் கொடுத்ததற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. வரிப் படிவத்தில் இடமில்லை.

வாரியத்தின் மதிப்பீட்டு நோட்டீஸ் தவறென்று தோன்றினால், 30 நாட்களுக்குள் கியூ படிவத்தில் முறையீடு செய்யலாம். முறையீடு நடக்கும்போதும் வரியைக் கட்டியே ஆகவேண்டும். நோட்டீஸ் கல்லாப்பெட்டிக்கடியில் கிடந்து நாள் கழிந்தால் முகவர் வேலை கடினமாகிவிடும். வந்த அன்றே அதை உறையோடு சேர்த்து அவரிடம் கொடுத்துவிடுவது நலம். எந்தத் தேதியில் கிடைத்தது என்ற பேச்சு எழுந்தால் உறை மேலுள்ள தபால் முத்திரை உதவும்.