கணக்குக்குத்தான் அவகாசம், பணத்துக்கு அல்ல

அமெரிக்காவில் சிறு பண்ணை நடத்துவோர் பொதுவாக ஏப்ரல் 15-க்குள் வருமான வரிக் கணக்கைக் கொடுக்க வேண்டும். ரசீதுகள் சேரவில்லை என்றால் அந்த நாளுக்குள் 4868 என்ற படிவத்தை அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும்.

ஆனால் அவகாசம் கணக்குக்கு மட்டுமே. வரிப் பணத்துக்குக் கெடு ஏப்ரல் 15-தான்.

கையில் பணம் இல்லையே என்று படிவத்தையும் அனுப்பாமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். பாக்கி 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். படிவமும் கணக்கும் கொடுக்காதவருக்கு அபராதம் மாதம் 5 சதவீதம். ஐந்து மாதத்தில் 500 டாலர். படிவம் அனுப்பியவருக்கு மாதம் அரை சதவீதம். ஐந்து மாதத்தில் 50 டாலர். வட்டி இருவருக்கும் உண்டு.

அங்குள்ள விவசாயி செய்ய வேண்டியவை:

1. விற்பனை, செலவுச் சீட்டுகளைப் பார்த்து வரியை உத்தேசமாகக் கணக்கிட வேண்டும்.

2. முடிந்த தொகையைக் கெடுவுக்குள் கட்ட வேண்டும். மொத்த வரியில் 90 சதவீதம் கட்டி, மீதியைக் கணக்கோடு செலுத்தினால் அரை சதவீத அபராதமும் இல்லை.

3. அப்போதும் மீதி கட்ட இயலாவிட்டால், மாதத் தவணைக்கு விண்ணப்பிக்கலாம்.

மொத்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்காவது விவசாயத்திலிருந்து பெறுவோருக்குத் தனிச் சலுகை உண்டு. அவர்கள் முன்கூட்டி வரி கட்டாவிட்டாலும், மார்ச் 1-க்குள் கணக்கையும் வரியையும் முடித்தால் அதற்கான அபராதம் இல்லை. அந்த மார்ச் கெடுவை 4868 படிவம் நீட்டிக்காது.

எந்த ஊரானாலும், கெடு நீட்டிப்பு என்றால் எதற்கு நீட்டிப்பு என்று முதலில் கேட்டறிவது நல்லது.